மண்ணுக்குள்ள இருக்கிற படிப்பு

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. நசரத்பேட்டையில் வீட்டைப் பார்த்துக்கிட்டு, குழுவில் சேமிப்புக் கட்டிக்கிட்டு இருக்கிறவ. எனக்கு மேடை பழக்கம் இல்லை. "எதாவது ஒரு விஷயம் பேசு, எல்லாருக்கும் உபயோகமா இருக்கணும்"னு தலைவி அக்கா சொன்னாங்க. தையல், ஊறுகாய், மசாலாப் பொடி பற்றியெல்லாம் என்னைவிட நல்லா பேச இங்க ஆள் இருக்காங்க. அதனால நான் ஒரு படிப்பைப் பற்றிப் பேசப் போறேன். நம்ம பொண்ணுங்க படிக்கிற படிப்புதான். ஆனா நம்மில் பல பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அதுக்குப் பேரு ஜியாலஜி.

இந்தப் படிப்பு எனக்கு எப்படித் தெரிஞ்சதுன்னா, ஒரு போர் போட்டு ஏமாந்த கதையிலிருந்து ஆரம்பிக்கணும்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி கோடையில் எங்க தெருவில் தண்ணிக் கஷ்டம். நாலு வீடு சேர்ந்து, குழுவில் உள்கடன் எடுத்து போர் போட்டோம். நீரோட்டம் பார்க்கிற பெரியவர் ஒருத்தர் வந்தார். உள்ளங்கையில் தேங்காயை வச்சுக்கிட்டு நடந்தார். ஒரு இடத்தில் தேங்காய் எழுந்து நின்னுச்சு. "இங்க போடு, கங்கை கிடைக்கும்"னார். வண்டி வந்தது, ராத்திரி பூரா ஓடுச்சு. 300 அடி போயும் சாம்பல் நிறத்தில் களிமண் பொடிதான் வந்தது. தண்ணி வரலை. அந்தப் பெரியவர் மேல எனக்குக் கோபம் இல்லை, அவருக்குத் தெரிஞ்சதைச் சொன்னார். ஆனா தண்ணி வராத குழிக்கு 20 மாசம் தவணை கட்டினோம். இதே மாதிரி கட்டினவங்க இந்தக் கூட்டத்திலும் இருப்பீங்க.

தவணை முடிஞ்சதும் திரும்ப கடன் கேட்டோம், இன்னொரு மூலையில் போடலாம்னு. எங்க குழு ஊக்குநர் அக்கா ஒரே வார்த்தையில் சொல்லிட்டாங்க: "இந்தத் தடவை படிச்சவங்க யாராவது வந்து பார்த்துச் சொல்லணும். இல்லன்னா கடன் கிடையாது." எனக்கு அப்போ வருத்தமா இருந்தது. இன்னிக்கு அந்த அக்காவுக்கு இந்த மேடையிலிருந்தே கும்பிடு போடறேன்.

விசாரிச்சு ஒருத்தரை வரச் சொன்னோம். வந்தது ஒரு பொண்ணு. வயசு 26, 27 இருக்கும். ஒரு பெட்டி, நாலு இரும்புக் கம்பி, வயர் சுத்தின உருளை. கம்பிகளை ஒரே நேர்கோட்டில் மண்ணில் அடிச்சு, கரண்ட் விட்டு, கணக்குக் குறிச்சாங்க. கம்பியைத் தள்ளித் தள்ளி அடிக்க அடிக்க இன்னும் ஆழத்தில் இருக்கிறது தெரியுமாம். அப்போ பத்தாவது முடிச்சிருந்த என் பொண்ணுதான் வயரைப் பிடிச்சுக்கிட்டுக் கூடவே நடந்தா.

முடிவில் அந்தப் பொண்ணு சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு. "அக்கா, இங்க போர் போடாதீங்க. கீழே இருக்கிறது களிப்பாறை. களிமண்ணில் ஈரம் இருக்கும், ஆனா விடாது. பிசைஞ்ச மாவில் தண்ணி இருக்கு, பிழிஞ்சா வருமா? மணல்னா களைஞ்ச அரிசியை வடிகட்டற மாதிரி, தண்ணி தானா இறங்கி வரும். உங்க தெருவில் மேலாக 30 அடிக்குள்ளதான் மணல் கலந்த மண்ணு இருக்கு. பழைய கிணத்தைத் தூர் வாரி, கூரைத் தண்ணியை அதில் விடுங்க."

நான் கேட்டேன், "மெஷின் இவ்வளவு சொல்லுமா?" அவங்க சிரிச்சாங்க. "மெஷின் பாதிதான் சொல்லும். தண்ணி உள்ள மணலிலும் கரண்ட் சுலபமா போகும், களிமண்ணிலும் சுலபமா போகும். மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணு. எது களி, எது தண்ணின்னு பிரிக்க இந்த ஊர் மண்ணோட சரித்திரம் தெரியணும். அதைத்தான் காலேஜில் படிச்சேன்."

நாங்க கிணத்தைத் தூர் வாரினோம். நாலு வீட்டுக் கூரைத் தண்ணியையும் குழாய் போட்டு அதில் விட்டோம். ஐப்பசி, கார்த்திகை மழை அதில் இறங்கியது. அடுத்த சித்திரை வரைக்கும் வாளி நனைஞ்சது. அந்தப் பொண்ணுக்குக் கொடுத்த பணம், முதல் போருக்கு நாங்க தொலைச்ச பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அதோட கதை முடியலை. பன்னிரண்டாவது முடிச்சதும் என் பொண்ணு, "நான் ஜியாலஜிதான் படிப்பேன்"னு உட்கார்ந்துட்டா. என் மாமியார், "கல்லு உடைக்கிறதுக்கு எதுக்கு காலேஜு?"ன்னாங்க. வீட்டுக்காரர் பேசவே இல்லை. நானும்தான் வேண்டாம்னேன். நர்சிங் சேரு, இல்ல பி.காம் சேருன்னேன். தெரியாத படிப்புன்னா நமக்கு பயம்தானே. அப்புறம் யோசிச்சேன். குழுவில் யாராவது கடன் கேட்டா விசாரிக்காம முடியாதுன்னு சொல்ல மாட்டோம். பெத்த பொண்ணு கேட்டதை மட்டும் விசாரிக்காம எப்படி முடியாதுன்னு சொல்றது? ஒரு நோட்டு எடுத்தேன். என்ன படிப்பு, எங்கே படிக்கலாம், என்ன செலவு, என்ன வேலை, பொண்ணுங்களுக்கு ஒத்துவருமான்னு அஞ்சு கேள்வி எழுதினேன். கல்லூரிக்கே போய்க் கேட்டேன், தெரிஞ்சவங்களைக் கேட்டேன், பொண்ணைப் படிச்சுச் சொல்லச் சொன்னேன். அந்த நோட்டில் இருக்கிறதைத்தான் இப்போ சொல்றேன்.

முதல்ல, இது என்ன படிப்பு?

பூமி எதனால் ஆனது, பாறை எப்படி உண்டாச்சு, மலை எப்படி வந்தது, தண்ணி எங்கே தங்கும், நிலம் ஏன் சரியுது, பூமி ஏன் நடுங்குதுன்னு படிக்கிறது. தமிழில் நிலவியல்னும் புவியமைப்பியல்னும் சொல்றாங்க. ஒண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க: புவியியல்னு பள்ளிக்கூடத்தில் படிச்சோமே, அது ஜியாகிரபி, வேற படிப்பு. விண்ணப்பம் போடும்போது பேரைப் பார்த்துக் குழம்பிடாதீங்க. ஜியாலஜின்னே கேளுங்க.

இதுக்காக ரொம்ப தூரம் போக வேண்டாம். நம்ம ஊரைச் சுத்தியே பாடம் இருக்கு. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் கெட்டிப் பாறை. அந்தக் கல்லுக்கு சார்னோக்கைட்னு பேரு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்னு ஒரு ஆங்கிலேயரோட கல்லறையில் இந்தக் கல்லுதான் இருக்கு, அதனால அவர் பேரையே கல்லுக்கு வச்சுட்டாங்க. நம்ம ஊர்க் கல்லு, அவர் பேரு! உலகத்தில் எங்கே அந்த மாதிரிக் கல்லு கிடைச்சாலும் இந்தப் பேர்தான். பரங்கிமலைப் பாறையை தேசிய நிலவியல் சின்னமா அறிவிச்சிருக்காங்க. இந்தப் பக்கம் ஸ்ரீபெரும்புதூர் போனா களிப்பாறை. அதுக்குள்ள கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தின செடி இலையோட அச்சு கிடைக்குது. எங்க போரில் வந்த சாம்பல் பொடியைக் குப்பைன்னு நெனச்சேன். அது ஒரு காலத்துச் சேறுன்னு இப்போதான் தெரியுது.

1863-ம் வருஷம் மே 30-ம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட்னு ஒரு நிலவியல்காரர் பல்லாவரத்தில் கற்காலத்துக் கல் கோடாரி ஒண்ணைக் கண்டெடுத்தார். இந்தியாவில் அந்த மாதிரி கிடைச்ச முதல் கருவி அதுதான். அதே வருஷம் நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டி பக்கம் அத்திரம்பாக்கத்திலும் கிடைச்சது. பிறகு அதே அத்திரம்பாக்கத்தில் 1999-லிருந்து தோண்டி ஆராய்ச்சி பண்ணினவங்க ஒரு பெண், சாந்தி பப்பு. அவங்க தொல்லியல் அறிஞர். மண் அடுக்கையும் கல்லையும் சோதிச்சு, அந்தக் கருவிகளுக்கு சுமார் 15 லட்சம் வருஷ வயசுன்னு 2011-ல் அவங்க குழு உலகத்துக்குச் சொன்னாங்க. மண்ணோட வயசு சொல்ற வித்தை நிலவியல் தந்தது.

சொல்லப்போனா நமக்கும் இதில் பாதி தெரியும். அடுப்பு போட எந்த ஏரி மண்ணு, செடிக்கு எந்த மண்ணு, எந்தக் கிணத்துத் தண்ணியில் பருப்பு வேகும், எதில் வேகாதுன்னு நமக்குத் தெரியாதா? ஏன் அப்படின்னு சொல்லித் தர்றதுதான் இந்தப் படிப்பு.

ரெண்டாவது, எங்கே படிக்கலாம்?

பன்னிரண்டாவதில் அறிவியல் பாடம் எடுத்திருக்கணும். அதுக்கு மேல மூணு வருஷம் பி.எஸ்சி. ஜியாலஜி. சென்னையில் மாநிலக் கல்லூரியில் இருக்கு. சேலம் அரசு கலைக் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி இங்கேயும் இருக்கு. மேலே எம்.எஸ்சி. படிக்க கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம், சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். ஐஐடி-யில் எம்.எஸ்சி. படிக்கணும்னா ஜாம்னு ஒரு நுழைவுத் தேர்வு எழுதணும். இன்ஜினியரிங் பக்கம் விருப்பம் இருந்தா, அண்ணா பல்கலைக்கழகத்தில் ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ்னு ஒரு படிப்பு. செயற்கைக்கோள் படங்களை வச்சு கம்ப்யூட்டரில் வரைபடம் போடற படிப்பு அது.

மூணாவது, செலவு.

அரசுக் கல்லூரியில் வருஷத்துக்குக் கட்டணம் சில ஆயிரம்தான். அரசுப் பள்ளியில் 6-லிருந்து 12 வரைக்கும் படிச்ச பொண்ணுக்கு புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் அவ பேர்லயே வங்கியில் வருது. 2022 செப்டம்பரில் ஆரம்பிச்ச திட்டம். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படிச்சவங்களுக்கும் அப்புறம் விரிவாக்கினாங்க. சாதாரண பஸ்ஸில் நமக்கு டிக்கெட் கிடையாது. ஆனா மறைக்காம சொல்றேன், இந்தப் படிப்பில் தனியா ஒரு செலவு இருக்கு. களப் பயணம்னு வருஷத்துக்கு ஒரு தடவை வெளியூர் கூட்டிட்டுப் போவாங்க. அதுக்கு பஸ், சாப்பாடு, தங்கறது, நல்ல ஷூ, சுத்தியல், லென்ஸ். என் பொண்ணு முதல் தடவை கேட்டப்போ ஒரு மாசச் சேமிப்பு அதிலேயே போச்சு.

நாலாவது, என்ன வேலை?

இதைத்தான் நான் ரொம்ப விசாரிச்சேன். முதல்ல கசப்பைச் சொல்லிடறேன். பி.எஸ்சி. மட்டும் முடிச்சா பெரிய வேலை கிடைக்கறது கஷ்டம். எம்.எஸ்சி. வரைக்கும் படிக்க வைக்கணும், அதாவது அஞ்சு வருஷம். அந்த அஞ்சு வருஷம் "எப்போ கல்யாணம்"னு கேட்கிறவங்களுக்குப் பதில் சொல்லிக்கிட்டே இருக்கணும். அதுக்கு நாம தயாரா இருக்கணும்.

தயாரா இருந்தா வழி இருக்கு. ஜியாலஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியான்னு ஒரு மத்திய அரசு நிறுவனம். 1851-ல், நிலக்கரி தேட ஆரம்பிச்சது. இன்னிக்கு கனிமம் தேடறதோட, எந்த மலைச்சரிவு இறங்கும், எது தாங்கும்னும் ஆராய்ச்சி பண்றாங்க. 2024 ஜூலையில் வயநாட்டில் ராத்திரியோட ராத்திரியா ஊரே மண்ணில் போச்சே, அந்த மாதிரி ஆபத்து எங்கெங்க இருக்குன்னு முன்கூட்டியே குறிச்சு வைக்கிற வேலை. அப்புறம் மத்திய நிலத்தடி நீர் வாரியம். இந்த ரெண்டுக்கும் யு.பி.எஸ்.சி. ஒரே தேர்வு நடத்துது, ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வுன்னு பேரு. எம்.எஸ்சி. முடிச்சிருக்கணும், வயசு 21-லிருந்து 32-க்குள். ரெண்டு கட்டத் தேர்வு, அப்புறம் நேர்முகம். பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. தேர்வானா குரூப் ஏ அதிகாரி, ஆரம்ப அடிப்படைச் சம்பளமே 56,100 ரூபாய். ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆரம்பத்தில் வாங்கற அதே அடிப்படைச் சம்பளம். ஆனா தேர்வு இங்கிலீஷில்தான். அதனால பதினொண்ணாவதிலிருந்தே இங்கிலீஷ் படிக்க வைங்க.

நம்ம மாநிலத்தில் கிண்டியில் நிலவியல் மற்றும் கனிமவளத் துறை இருக்கு. கல்குவாரி, மணல் இதுக்கெல்லாம் கணக்குப் பார்க்கிற துறை. டி.என்.பி.எஸ்.சி. மூலமா ஆள் எடுக்கறாங்க. குடிநீர் வடிகால் வாரியத்திலும் நிலத்தடி நீர் படிச்சவங்களுக்கு வேலை இருக்கு. நெய்வேலி பழுப்பு நிலக்கரி, காவிரிப் படுகை எண்ணெய்க் கிணறு, அரியலூர் சிமென்ட் ஆலை எல்லாத்துக்கும் இவங்க வேணும். அரசு வேலை எல்லாருக்கும் கிடைச்சுடாது. தனியாரில் மண் பரிசோதனைக் கம்பெனி இருக்கு. பூந்தமல்லி மெயின் ரோட்டில் மெட்ரோவுக்குத் தூண் நிறுத்தறதுக்கு முன்னாடி மண்ணைத் துளைச்சு துளைச்சு எடுத்தாங்களே, பார்த்திருப்பீங்க. எந்த ஆழத்தில் பாறை இருக்குன்னு அதை வச்சுத்தான் சொல்றாங்க. வெளியில் போக முடியாத நிலைமைன்னா, கம்ப்யூட்டரில் வரைபடம் போடற ஆபீஸ் வேலையும் இருக்கு. எங்க தெருவுக்கு வந்த பொண்ணு மாதிரி சொந்தமா பெட்டி வாங்கித் தொழில் பண்றவங்களும் இருக்காங்க.

நம்ம மாவட்டத்துக்கே இவங்க எவ்வளவு தேவைன்னு யோசிச்சுப் பாருங்க. மீஞ்சூர் பக்கம் அளவுக்கு மீறித் தண்ணியை உறிஞ்சினதால, கடல் தண்ணி பூமிக்கடியில் உள்ளே வந்து கிணறெல்லாம் உப்பாச்சு. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் நிறைஞ்சு வெள்ளம் பார்த்தோம். 2019 ஜூனில் அதே ஏரி காய்ஞ்சு வெடிச்சுக் கிடந்ததையும் பார்த்தோம். நாலு வருஷத்துக்குள்ள ரெண்டும். வந்த தண்ணியை எந்த மண்ணில் இறக்கி வைக்கலாம்னு தெரிஞ்சவங்க ஊருக்கு ஒருத்தர் வேண்டாமா?

அஞ்சாவது, பொண்ணுங்களுக்கு ஒத்துவருமா?

காடு மேடு போகணும், வெயிலில் நடக்கணும், வெளியூரில் தங்கணும். உண்மைதான். கழிப்பறை இல்லாத இடம் வரும். மாதவிலக்கு நாளில் கஷ்டம்தான். ஆனா 100 நாள் வேலையில், செங்கல் சூளையில், நடவு வயலில் நாம எந்தக் கழிப்பறையோட வேலை செஞ்சோம்? கூலிக்காக வெயிலில் நிக்கலாம், அதிகாரியா வெயிலில் நிக்கக் கூடாதுன்னா, அது என்ன நியாயம்னு எனக்குத் தெரியலை.

சுதீப்தா சென்குப்தான்னு ஒரு வங்காளத்துப் பெண் நிலவியல் அறிஞர். 1983-ல் இந்தியக் குழுவோட அண்டார்டிகா போனாங்க, எங்கே பார்த்தாலும் பனிக்கட்டியா இருக்கிற கண்டம். கடல் ஆராய்ச்சியாளர் அதிதி பந்தும் அவங்களும்தான் அங்கே போன முதல் இந்தியப் பெண் விஞ்ஞானிகள். 1991-ல் சுதீப்தா அம்மாவுக்கு நாட்டின் பெரிய அறிவியல் விருதான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது கிடைச்சது. சட்டமும் மெதுவா மாறுது. 1952 சுரங்கச் சட்டப்படி பெண்கள் பூமிக்கடியில் இறங்கி வேலை செய்யக் கூடாதுன்னு இருந்தது. 2019-ல் அதில் தளர்வு கொடுத்தாங்க. எழுத்துமூலமா சம்மதம் கொடுத்தா, காலை 6-லிருந்து இரவு 7 மணிக்குள்ள தொழில்நுட்ப வேலை, மேற்பார்வை வேலை பார்க்கலாம்னு அப்போ அனுமதிச்சாங்க.

என் பொண்ணு இப்போ முதல் வருஷம் முடிக்கப் போறா. போன மாசம் அரியலூருக்குக் களப் பயணம் போனா. அஞ்சு நாள் நான் சரியா தூங்கலை, போன் வந்தாத்தான் சோறு இறங்கியது. திரும்பி வந்து போனில் படம் காட்டினா. பாறைக்குள்ள சிப்பி, நத்தை. "அம்மா, கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி அரியலூர் கடலா இருந்தது. அந்தச் சிப்பிதான் சுண்ணாம்புக்கல் ஆச்சு. அதனாலதான் அங்க சிமென்ட் ஆலை"ன்னா. கல்லு உடைக்கவா காலேஜுன்னு கேட்ட என் மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. "நம்ம வீட்டுக்கடியில் என்னடி இருக்கு?"ன்னு கேட்டாங்க. அன்னிக்கு அவ பாட்டிக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தினா.

அவ அதிகாரி ஆவாளா, எனக்குத் தெரியாது. இன்னும் நாலு வருஷம் இருக்கு. ஆனா தெரியாத படிப்புங்கிறதுக்காக வேண்டாம்னு சொல்லியிருந்தா, அந்தத் தப்பு என்னோடதா இருந்திருக்கும்.

கடைசியா கூட்டமைப்புக்கு ரெண்டு கோரிக்கை. ஒண்ணு, ஒவ்வொரு வருஷமும் பன்னிரண்டாவது ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி, குழு வாரியா படிக்கிற பிள்ளைங்க பட்டியல் எடுத்து, என்னென்ன படிப்பு இருக்குன்னு ஒரு நாள் கூட்டம் போடுங்க. ஜியாலஜி மட்டும் இல்லை, நமக்குப் பேர் தெரியாத படிப்பு எல்லாத்தையும் சொல்லுங்க. ரிசல்ட் வந்த பிறகு யோசிச்சா விண்ணப்பத் தேதி போயிடும். ரெண்டாவது, காதுகுத்துக்கும் சீருக்கும் உள்கடன் கொடுக்கிறோம், தப்பில்லை. அது மாதிரி களப் பயணத்துக்கு, ஷூவுக்கு, தேர்வு எழுத வெளியூர் போற செலவுக்கும் ஒரு சின்னக் கடன் வைங்க. இதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதணும்னு கேட்டுக்கறேன். முதல் கையெழுத்து நான் போடறேன்.

அடுத்த தடவை உங்க தெருவில் போர் வண்டி வந்தா, கடன் கொடுக்கிறதுக்கு முன்னாடி எங்க ஊக்குநர் அக்கா கேட்ட கேள்வியைக் கேளுங்க: "படிச்சவங்க பார்த்துச் சொன்னாங்களா?" இன்னும் சில வருஷத்தில் அப்படிப் பார்த்துச் சொல்றது நம்ம குழுப் பொண்ணாவே இருக்கணும்.